குரல் நின்றால் கை நிற்கும்

காலையில் பல் தேய்க்கும்போதே விசாரணை ஆரம்பித்துவிட்டது.

'சம்பவம் நடந்தபோது உன் வலது கை எங்கே இருந்தது?'

'கைப்பிடியில்.'

'கைப்பிடியில் இருந்த கை ஏன் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தவில்லை?'

அவள் வாய் நிறைய நுரை. பதில் சொல்ல வழியில்லை. கேட்பவளும் பதிலுக்காகக் காத்திருக்கிற ரகம் கிடையாது. மண்டைக்குள் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தக் குரலுக்கு வக்கீலம்மா என்று அவளே பெயர் வைத்திருந்தாள். ஒரு வாரமாக வழக்கு நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகூட கோர்ட்டுக்கு விடுமுறை இல்லை. தீர்ப்பை மட்டும் முதல் நாளே எழுதி மடித்து வைத்தாகிவிட்டது.

"உள்ள தூங்கிட்டியா?" குளியலறைக் கதவுக்கு வெளியே கணவன். "பாப்பா ஸ்கூலுக்குக் கிளம்பணும். பல்லு தேய்க்கிறியா, புதுசா செதுக்குறியா?"

"இதோ வந்துட்டேன்."

"என்ன யோசனை?"

"ஒண்ணுமில்ல."

இந்த ஒரு வாரத்தில் அவள் அதிகம் பேசிய வார்த்தை அதுதான்.

அவள் கிரேன் ஓட்டுகிறாள். கட்டடம் கட்டும் இடங்களில் ஒற்றைக்கால் கொக்கு மாதிரி நிற்குமே, அந்த உயரமான டவர் கிரேன். அதன் தலைக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை, கேபின். காலையில் ஏணி ஏறினால் மதியம் வரை அங்கேதான். எல்லோருக்கும் மேலே உட்கார்ந்திருப்பதால் சைட்டில் அவள் பெயர் மாடியக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

போன வாரம் அவள் ஒரு கட்டு இரும்புக் குழாயை இறக்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று காற்று. கட்டு திரும்பி, சாரத்தில் இடித்தது. அவள் நிறுத்திவிட்டாள். ஆனால் கட்டிலிருந்து ஒரு குழாய் நழுவிக் கீழே போயிற்று. அங்கே வெல்டர் ஒருவர் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் அவருடைய சாப்பாட்டு டப்பாவின் மேல் விழுந்து, டப்பாவைச் சப்பையாக்கிவிட்டு உருண்டது. டப்பாவுக்கும் வெல்டருக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கும் இடம்கூட இல்லை.

யாருக்கும் ஒரு கீறல் இல்லை. விசாரித்தார்கள். கட்டின் பட்டையைக் கீழே இருந்தவர்கள் சரியாக இறுக்கவில்லை, கிரேன் உடனே நின்றது என்று முடிவு சொன்னார்கள். பட்டை கட்டும் முறையை மாற்றினார்கள். எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

வக்கீலம்மா மட்டும் அப்பீலுக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவள் வெல்டரின் கண்ணில் படாமல் சீக்கிரமே ஏணி ஏறிவிடுவாள். சாப்பாடும் கேபினுக்குள்ளேயே. நேற்று மேலேயிருந்து பார்த்தபோது அவர் அதே நெளிந்த டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். 'பார்த்தாயா,' என்றாள் வக்கீலம்மா. 'வேண்டுமென்றே அதையே கொண்டுவருகிறார். உன் கண்ணில் படவேண்டும் என்றுதான்.'

சைட் வாசலில் கொழுந்தன் டீயோடு நின்றுகொண்டிருந்தான். கணவனின் தம்பி. அவளுடைய கிரேனுக்கு அவன்தான் சிக்னல்மேன். சுமை இறங்குமிடத்தில் நின்றுகொண்டு, வாக்கி-டாக்கியில் அவளுக்கு வழி சொல்பவன். வேலை நேரத்தில் உறவு கிடையாது. அவள் 'கிரேன்', அவன் 'சிக்னல்'. ஒருமுறை வாய் தவறி ரேடியோவில் 'அண்ணி' என்று சொன்னதற்கு மொத்த சைட்டுக்கும் டீ வாங்கிக் கொடுத்தான்.

"அண்ணி, ஒரு விஷயம். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"நேத்து நான் தும்மினேன்."

"சரி."

"தும்மினதுக்கு கிரேனை நிறுத்திட்டீங்க."

அவள் டீ கிளாசைப் பார்த்துக்கொண்டே, "குரல் நின்னா கை நிக்கணும். ரூல்" என்றாள்.

அது நிஜமாகவே ரூல்தான். சுமை கண்ணுக்கு மறைவாக இறங்கும்போது சிக்னல்மேன் விடாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். இறக்கு, இறக்கு, இறக்கு என்று. அந்தக் குரல் நின்றுபோனால் ஏதோ தவறு என்று அர்த்தம். ஓட்டுபவர் கேள்வி கேட்காமல் நிறுத்திவிட வேண்டும்.

"ரூல் சரி. ஆனா மனுஷன் மூச்சு விடணுமில்ல? ஒரு இறக்குக்கும் அடுத்த இறக்குக்கும் நடுவுல நான் மூச்சு இழுத்தாலே நிறுத்திடுறீங்க. எச்சில் முழுங்கினா நிறுத்துறீங்க. இந்த வாரம் பூரா நான் தண்ணிக்குள்ள மூழ்கினவன் மாதிரி வேலை பார்க்கிறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அவன் குரலைத் தணித்தான். "சட்டுனு நிறுத்துனா சுமை ஆடுது, அண்ணி. ஆடுற சுமைக்குப் பக்கத்துல நான்தான் நிக்கிறேன்."

'கேட்டுக்கொள்,' என்றாள் வக்கீலம்மா உடனே. 'போன வாரம் வெல்டர். இந்த வாரம் சொந்தக் கொழுந்தன். வீட்டில் போய் என்ன சொல்லப் போகிறாய்?'

அதற்குள் சூப்பர்வைசர் வந்துவிட்டார். ஹெல்மெட்டுக்குக் கீழே காதில் பேனா. எழுதி யாரும் பார்த்ததில்லை.

"மாடியக்கா, கூலிங் யூனிட் வந்திருக்கு. இன்னைக்கே மொட்டை மாடிக்கு ஏத்தணும். லிஃப்ட் ரூமுக்குப் பின்னால."

கட்டடம் முழுவதுக்கும் ஏசி கொடுக்கிற கூலிங் யூனிட் ஒரு வேன் அளவு இருக்கும். லிஃப்ட் ரூமுக்குப் பின்னால் என்றால் கேபினிலிருந்து பார்த்தால் வெறும் சுவர்தான் தெரியும். முழுக்க முழுக்கக் குரலை நம்பி இறக்க வேண்டும்.

"நேராவே கேட்கிறேன்," என்றார் அவர். "இந்த வாரம் சுமை ஆடுறதை நானும் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். முடியும்னா ஏறுங்க. முடியாதுன்னாலும் தப்பில்ல, பக்கத்து சைட் ஆளை வரச் சொல்றேன். ஆனா அவரைக் கூப்பிட்டா இந்தக் கட்டடம் முடியிற வரைக்கும் கேபின் அவருக்குத்தான். நாளைக்கு ஒருத்தர், நாளான்னிக்கு ஒருத்தர்னு என்னால மாத்திக்கிட்டு இருக்க முடியாது."

டீ ஆறிக்கொண்டிருந்தது. அந்தக் கேபினுக்காக அவள் எத்தனை பேரிடம் கேலி வாங்கியிருக்கிறாள். ஏணியில் பாதி ஏறியதும் இறங்கிவிடுவாள் என்று பந்தயம் கட்டியவர்கள்கூட உண்டு. இப்போது ஒரே ஒரு 'முடியாது' சொன்னால் போதும். வக்கீலம்மாவே வாயைத் திறந்து கொடுப்பாள்.

அவள் கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "நான் இறக்கினா நீ அங்க நிப்பியா?"

"நான் நிக்காம வேற யாரு நிக்கிறது? மூச்சு விட அனுமதி கொடுங்க, போதும்."

"நடுவுல நான் பயந்துட்டா? 'நல்லாத்தான் வருது, பயப்படாதீங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லுவியா?"

"மாட்டேன்." அவன் யோசிக்கவே இல்லை. "நல்லா வருதுன்னு ஒரு சிக்னல் கிடையாது. கண்ணுக்குத் தெரியறதைத்தான் சொல்லுவேன். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், இறக்கு, நிறுத்து. மனசுல தோணுறதெல்லாம் ரேடியோல சொல்ல ஆரம்பிச்சா ஒரு செங்கல்லைக்கூட இறக்க முடியாது."

சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏறுறேன்," என்றாள் அவள்.

கேபின். இருக்கை. இரண்டு பக்கமும் இரண்டு கைப்பிடிகள். எதிரே சின்னத் திரையில் சுமையின் எடை. பக்கத்தில் காற்றின் வேகம் காட்டும் முள். காலுக்குக் கீழே கண்ணாடித் தரை. அதற்குக் கீழே தீப்பெட்டி மாதிரி லாரிகள்.

ரேடியோ கரகரத்தது. "கிரேன், சிக்னல் பேசறேன். கேக்குதா?"

"கேக்குது. சிக்னல், எங்க நிக்கிறே?"

ஒவ்வொரு சுமைக்கும் முதல் கேள்வி இதுதான். சொல்கிறவன் நிற்கிற இடம் தெரியாமல் அவன் சொல்வதைக் கேட்கக் கூடாது.

"மொட்டை மாடி. லிஃப்ட் ரூமுக்குப் பின்னால, வலது மூலை. சுமை இறங்குற இடம் முழுசா தெரியுது. ஏத்து."

யூனிட் தரையைவிட்டுக் கிளம்பியது. எடை திரையில் ஏறி, நிலைத்தது. அவள் அதை மெல்ல உயர்த்தி, கிரேனின் கையைத் திருப்பி, மொட்டை மாடிக்கு மேலே கொண்டுவந்தாள். சுமை லிஃப்ட் ரூம் சுவரைத் தாண்டியது. இறங்கத் தொடங்கியது. கண்ணுக்கு மறைந்தது. இனி வடம் மட்டும்தான். நேராகக் கீழே போய்ச் சுவருக்குப் பின்னால் காணாமல் போகிற கறுப்புக் கோடு.

"இறக்கு... இறக்கு... இறக்கு..."

நடுவில் ஒரு மூச்சு. அவள் கை துடித்தது. நிறுத்தவில்லை.

"இறக்கு... இறக்கு... ஆள் உயரம் இருக்கு. மெதுவா. இறக்கு... இற—"

அவ்வளவுதான்.

இது மூச்சு இல்லை. தும்மல் இல்லை. ரேடியோவில் கரகரப்புகூட இல்லாத வெறும் மௌனம்.

கை நின்றது. வெடுக்கென்று இல்லாமல், பழைய பழக்கத்தில், படிப்படியாக மென்மையாக நின்றது. ஹாரனை ஒருமுறை அழுத்தினாள். "சிக்னல், கிரேன் பேசறேன். கேக்குதா?"

பதில் இல்லை.

"சிக்னல்."

இல்லை.

வக்கீலம்மா எழுந்து நின்றாள்.

'நசுங்கிவிட்டான்.'

'இல்லை.'

'சுமைக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டான். அதனால்தான் பாதி வார்த்தையில் குரல் போயிற்று. இப்போது ஒவ்வொரு நொடியும் அவன் மேல் எடை. தூக்கு. உடனே தூக்கு. போன வாரமும் யோசித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாய்.'

அவளுடைய வலது கை கைப்பிடியின் மேல் இருந்தது. கொஞ்சம் பின்னால் இழுத்தால் போதும், யூனிட் மேலே வந்துவிடும். அவன் அதற்கு அடியில் மாட்டியிருந்தால் தப்பித்துவிடுவான். அவன் அதைத் திருப்புவதற்காக இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தால்? பட்டை எங்கேயாவது மாட்டியிருந்து, தூக்கியதும் விடுபட்டு, ஊஞ்சல் மாதிரி வீசினால்?

கைப்பிடி வழுக்கியது.

'தூக்கு,' என்றாள் வக்கீலம்மா. 'நான் சொல்கிறேன், தூக்கு.'

நான் சொல்கிறேன்.

வாயில் பழகிப்போன கேள்வி தானாக வந்து விழுந்தது. காலி கேபினில், சத்தமாகவே கேட்டாள்.

"நீ எங்க நிக்கிறே?"

மண்டைக்குள் முதல் முறையாக ஒரு சந்தேகமான அமைதி.

"சுமை உன் கண்ணுக்குத் தெரியுதா?"

தெரியாது. எப்படித் தெரியும்? வக்கீலம்மா உட்கார்ந்திருப்பது இதே கேபினில், இதே நாற்காலியில். இதே சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்த ஒரு வாரம் முழுக்க, குளியலறையிலும் பஸ்ஸிலும் படுக்கையிலும், இவள் ஒரு தடவைகூடச் சுமை தெரிகிற இடத்தில் நின்று பேசியதில்லை. இப்படி ஒருவர் ரேடியோவில் வழி சொல்ல வந்தால் சேனலை விட்டே விரட்டிவிடுவார்கள்.

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள், கொழுந்தனின் அதே உலர்ந்த தொனியில், தனக்கே.

"கிரேன். எடை மாறலை."

சுமை எதன் மேலும் உட்காரவில்லை என்று அர்த்தம். யார் மேலும்.

"காத்து கம்மி. வடம் நேரா இருக்கு. ஆடலை."

கண்ணை ஓட்டினாள். "சிக்னலைக் காணோம். என்ன ஆச்சுன்னு தெரியலை."

தெரியாததைத் தெரியாது என்று சொல்வது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. அந்த இடத்தில்தான் வக்கீலம்மா ஒரு வாரமாகத் தன் கதைகளை இட்டு நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"பயமா இருக்கா?" தன்னையே கேட்டுக்கொண்டாள்.

"இருக்கு."

"சரி. நிறுத்தி வை."

கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கை நடுங்கியது. நடுங்கட்டும், மடியில் நடுங்கினால் யூனிட் ஆடாது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு மொட்டை மாடி விளிம்பில், அவள் கண்ணுக்குத் தெரிகிற பக்கமாக, ஒரு மஞ்சள் ஹெல்மெட் ஓடி வந்தது. வெல்டர். ஒரு வாரமாக அவள் பார்க்காமல் தப்பித்த அதே ஆள். கிரேனின் கைக்குக் கீழே வந்து நின்று, அவளை நிமிர்ந்து பார்த்து, உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அப்படியே இருங்க. இன்னொரு கையில் ஒரு வாக்கி-டாக்கி, ஆட்டிக் காட்டினார். பிறகு லிஃப்ட் ரூமுக்குப் பின்னால் மறைந்தார்.

ரேடியோ கரகரத்தது.

"கிரேன், சிக்னல் பேசறேன். கேக்குதா?"

அவள் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். "கேக்குது. சிக்னல், எங்க நிக்கிறே?"

"அதே மூலை. சுமை அப்படியே நிக்குது. ஆள் யாரும் கிட்ட இல்ல. இறங்குற இடம் முழுசா தெரியுது." ஒரு மூச்சு. முழு மூச்சு. "இறக்கு... இறக்கு... இறக்கு..."

அவன் நடுவில் எத்தனை முறை மூச்சு விட்டான் என்று அவள் கவனிக்கவில்லை. யூனிட் தன் சட்டத்தில் உட்கார்ந்தபோது திரையில் எடை மெல்லக் கரைந்து பூஜ்யமாயிற்று.

"நிறுத்து," என்றான் கொழுந்தன். பிறகு, ரூலை மீறி, "டீ நான் வாங்கித் தரேன், அண்ணி" என்றான்.

அவள் கீழே இறங்கினாள். சூப்பர்வைசர் போனில் யாரிடமோ, "வேணாம், நீங்க வர வேணாம்" என்று சொல்லிக்கொண்டே, அவளைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திவிட்டுப் போய்விட்டார்.

கொழுந்தனின் சட்டை முழங்கை வரை நனைந்திருந்தது.

"என்னதான் ஆச்சு?"

"கிளிப் விட்டுடுச்சு. ரேடியோ நேரா தண்ணி ட்ரம்முக்குள்ள. கையை விட்டுத் துழாவினேன், கிடைக்கல. விளிம்புக்கு ஓடி வந்து கை காட்டலாம்னா, சுமையை அந்தரத்துல விட்டுட்டு வர மனசில்ல. மாடியில வேலை பார்த்துக்கிட்டிருந்த வெல்டரண்ணன்தான் கீழ ஓடிப் போய் வேற ரேடியோ எடுத்துட்டு வந்தாரு." அவன் அவளைப் பார்த்தான். "நீங்க தூக்கிடுவீங்களோன்னுதான் எனக்கு உதறல். நான் யூனிட்டுக்குப் பக்கத்துலயே நின்னேன். ட்ரம் அங்கதான் இருக்கு."

தூக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வக்கீலம்மா ஆரம்பித்தாள். தூக்கவில்லை என்று அவள் பதில் சொன்னாள். அது நடந்தது. கண்ணால் பார்த்தது.

வெல்டர் ஒரு பலகையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்த நெளிந்த டப்பா. அவள் நேராகப் போய் எதிரே நின்றாள்.

"வாங்க," என்றார் அவர், மென்றுகொண்டே. "ஒரு வாரமா என்னைக் கண்டா ஓடுறீங்க. நான் என்ன கடிக்கவா போறேன்?"

"அண்ணே, ஒண்ணு கேட்கணும். புது டப்பா வாங்கித் தரேன்னு அன்னைக்கே சொன்னேன். வேணாம்னுட்டீங்க. இதையே ஏன் கொண்டு வர்றீங்க?"

அவர் டப்பாவை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அப்படி ஒரு கேள்வி இருப்பதே அவருக்கு இப்போதுதான் தெரியும் போலிருந்தது.

"முன்னாடி இதுல மூடி நிக்காது. பை பூரா குழம்பு. அன்னைக்கு நசுங்கினதுல இருந்து சும்மா கச்சுனு உட்காருது." மூடியைப் போட்டுத் தட்டிக் காட்டினார். "வீட்டுல இன்னொண்ணு இருக்கு. அதையும் ஒரு நாள் கொண்டு வரேன். உங்க கிரேனுக்குக் காட்டலாம்."

கொழுந்தன் டீயைத் துப்பிவிட்டான். அவளும் சிரித்தாள், ஒரு வாரத்துச் சிரிப்பு மொத்தமாக. அடங்கியபோது கண்ணில் தண்ணீர் இருந்தது. "அன்னைக்கு உங்களுக்குப் பயமா இல்லையா?" என்றாள்.

"இல்லாம? வீட்டுக்குப் போய் என் சம்சாரத்துகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். கை உதறினதை, டப்பா நசுங்கினதை, நீங்க முகம் வெளுத்துப் போய் இறங்கி வந்ததை. அவ திட்டினா. அப்புறம் தூங்கிட்டேன். நீங்க யார்கிட்ட சொன்னீங்க?"

அவள் யோசித்துப் பார்த்தாள். வக்கீலம்மாவிடம் மட்டும்தான்.

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அடுத்த நிறுத்தத்துக்குள் தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்டது. 'இன்றைக்குத் தப்பித்தாய். நாளைக்குக் காற்று அதிகமாக இருந்தால்—'

'நீங்க எங்க நிக்கிறீங்க?' என்றாள் அவள் உள்ளுக்குள், மரியாதையாகவே. 'நாளைக்கா? நாளைக்கு இங்கேருந்து தெரியாதே.'

வக்கீலம்மா உட்கார்ந்துகொண்டாள். கோட்டைக் கழற்றவில்லை. இந்த ஆள் நாளை பல் தேய்க்கும்போதும் வருவாள் என்று அவளுக்குத் தெரியும். வரட்டும். கேள்வி தயாராக இருக்கிறது.

வீட்டில் கணவன் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தான். பாப்பா மேஜையடியில் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். அவள் பையை மாட்டிவிட்டு, சமையலறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன யோசனை?" என்றான் அவன், திரும்பாமலே. பதில் என்ன என்பது அவனுக்கு மனப்பாடம்.

"போன வாரம் சைட்ல ஒரு குழாய் விழுந்துச்சு."

தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே திரும்பினான். "தம்பி சொன்னான். நீ வாயைத் திறப்பேன்னு தினமும் கேட்டுக்கிட்டிருக்கேன்."

ஒரு ஸ்டூலைக் காலால் இழுத்து அவள் பக்கம் தள்ளினான். இன்னொன்றில் தான் உட்கார்ந்தான்.

அவளும் உட்கார்ந்தாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தடுமாறி, பிறகு கண்ணால் பார்த்ததிலிருந்து ஆரம்பித்தாள்.